கன்சோல் விளையாட்டுகளின் இசையைப் பிரித்தெடுத்தல்: காதில் கேட்கும் குறியைக் கொண்டு பிழை கண்டறியும் முறை

கன்சோல் விளையாட்டின் இசையைப் பிரித்தெடுக்க முனைபவருக்கு முதல் முயற்சியிலேயே பாடல் சரியாகக் கிடைப்பது அரிது. கோப்பு கிடைக்கும், திறந்தால் இரைச்சல் மட்டும் வரும். பாடல் ஒலிக்கும், இரண்டு நொடியில் நின்றுவிடும். முழுவதும் ஒலிக்கும், சுருதி இறங்கியிருக்கும். உடனே வேறொரு மென்பொருளைத் தேடிப் போவது வழக்கம், அது பெரும்பாலும் நேர விரயமாகவே முடிகிறது. ஒவ்வொரு கோளாறுக்கும் தனக்கே உரிய ஓசை உண்டு. அதைச் சற்றுக் காது கொடுத்துக் கேட்டால் எங்கே தவறு நேர்ந்தது என்பதைக் கருவிகளைத் தொடும் முன்பே ஊகித்துவிடலாம்.

கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இரண்டே வகைகளில் அடங்கும். ஒன்று, தரவு முழுமையாக இருந்தும் அது தவறான எண்களைக் கொண்டு வாசிக்கப்படுகிறது. அந்த எண்ணை மாற்றினால் பாடல் திரும்பிவிடும். மற்றொன்று, நகலெடுக்கும்போதே தரவின் ஒரு பகுதி தொலைந்துவிட்டது. அப்போது எந்த மென்பொருளாலும் பயனில்லை, வட்டிலிருந்து மீண்டும் நகலெடுத்தாக வேண்டும். எந்தக் குறியைக் கண்டாலும் இவற்றுள் எந்த வகை என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்வது பல மணி நேர வேலையைக் குறைக்கும்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. பெரும்பாலான கன்சோல்களின் பதிவு ஒலிக் கோப்புகளை வாசிக்கும் விஜிஎம்ஸ்ட்ரீம் என்ற திறந்தமூல மென்பொருள், அதை உள்ளே பொருத்திக்கொள்ளும் ஃபூபார்2000 போன்ற ஓர் இயக்கி (பாடலை ஒலிக்கவிடும் மென்பொருள்), தலைப்பகுதி (கோப்பின் விவரங்களைச் சொல்லும் தொடக்கப் பகுதி) இல்லாத தரவையும் திறக்கக்கூடிய ஒலித் திருத்தியான ஆடாசிட்டி, கோப்பின் பைட்டுகளைக் கண்ணால் பார்க்க ஒரு ஹெக்ஸ் எடிட்டர் ஆகிய நான்கும் போதும். தாம் விலை கொடுத்து வாங்கிய வட்டிலிருந்தும் கார்ட்ரிட்ஜிலிருந்துமே எடுக்க வேண்டும் என்பதையும், நகல் தடுப்பை நீக்குவது குறித்த சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதையும் ஒருமுறை சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

குறி: இசைக் கோப்பு என்று எதுவுமே கண்ணில் படவில்லை

கார்ட்ரிட்ஜ் காலத்து இயந்திரங்களில் இசைக் கோப்பைத் தேடுவதே பொருத்தமற்ற செயல். முதல் நின்டெண்டோ இயந்திரத்தில் இரண்டு பல்ஸ் சேனல்கள் (செவ்வக அலையை எழுப்பும் ஒலிப் பாதைகள்), ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல் சேனல், பதிவு செய்த சிறு ஒலித்துண்டை ஒலிக்கும் ஒரு சாம்பிள் சேனல் ஆகிய ஐந்தும்தான் உண்டு. எந்த நேரத்தில் எந்தச் சேனல் எந்தச் சுரத்தை எழுப்ப வேண்டும் என்ற கட்டளைகளே அங்கே பாடல். சேகாவின் மெகா டிரைவில் அந்தக் கட்டளைகள் யமஹாவின் ஒய்எம்2612 சில்லுக்கும் உடனிருக்கும் பிஎஸ்ஜி சில்லுக்கும் செல்கின்றன. ஆகவே அங்கே எடுக்க வேண்டியது பதிவு செய்யப்பட்ட ஒலியை அன்று, அதை எழுப்பும் நிரலையோ கட்டளைத் தொடரையோதான்; என்எஸ்எஃப், எஸ்பிசி, விஜிஎம், ஜிஎஸ்எஃப், யுஎஸ்எஃப் ஆகிய வடிவங்கள் அதற்காகவே உருவானவை. இவற்றை இசைக்க எமுலேட்டர் தன்மையுள்ள, அதாவது பழைய இயந்திரத்தைப் போலவே செயல்படும் இயக்கி தேவை என்பதால், விஜிஎம்ஸ்ட்ரீம் இவற்றைத் திறக்கவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

வட்டில் வந்த விளையாட்டாக இருந்தும் இசை தென்படவில்லை என்றால், பாடல்கள் சாதாரண ஆடியோ சிடித் தடங்களாக அதே வட்டில் இருக்கக்கூடும். பிளேஸ்டேஷன், சாட்டர்ன், மெகா சிடி, பிசி எஞ்சின் சிடி ஆகியவற்றின் பல விளையாட்டுகள் இவ்வாறே அமைந்தவை. வட்டை ஐஎஸ்ஓ கோப்பாக நகலெடுத்தால் தரவுத் தடம் மட்டுமே வரும், ஆடியோத் தடங்கள் விடுபட்டுப் போகும். பின் மற்றும் கியூ என்ற இரட்டைக் கோப்பு வடிவில் மீண்டும் எடுத்தால் அவை அனைத்தும் கிடைக்கும். ஆடியோத் தடம் நொடிக்கு 1,76,400 பைட்டுகள் கொள்ளும். ஆகவே 40 மெகாபைட் அளவுள்ள தடம் ஏறத்தாழ நான்கு நிமிடப் பாடல் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அப்படி எடுத்த தடத்தின் தொடக்கத்தில் இரண்டு நொடி மௌனமோ, முந்தைய பாடலின் வால்பகுதியோ கேட்டால், தடங்களுக்கு இடையிலுள்ள முன்னிடைவெளி தவறாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. வழக்கமான முன்னிடைவெளி 150 செக்டர் (செக்டர் என்பது வட்டின் சேமிப்பு அலகு), அதாவது 3,52,800 பைட்டுகள். கியூ கோப்பை எந்தத் திருத்தியிலும் திறந்து ஒவ்வொரு தடத்தின் 00, 01 குறிகளைப் பார்த்தால் விடை அங்கேயே இருக்கும்.

குறி: தொடக்கம் முதல் இறுதி வரை இரைச்சல்

அதிகம் பேரைச் சோர்வடையச் செய்வது இதுவே. எல்லா இரைச்சலும் ஒரே மாதிரியானது என்ற எண்ணமே அதற்குக் காரணம். கூர்ந்து கேட்டால் குறைந்தது நான்கு வகை இரைச்சல்களைப் பிரித்தறியலாம்.

முதல் வகையில், காது வலிக்கும் அளவுக்கு உரத்த சரசரப்பு கேட்கும், ஆனால் அதன் பின்னே பாடலின் தாளம் ஏறி இறங்குவதும் தெரியும். இது பெரும்பாலும் சுருக்கப்படாத 16 பிட் ஒலி, பைட் வரிசை மாறி வாசிக்கப்படுவதன் விளைவு. 16 பிட் எண்ணின் பெரிய பகுதி முன்னே வருவதா பின்னே வருவதா என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். கேம்கியூப், வீ, எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 ஆகியவை பெரிய பகுதியை முன்னே வைப்பவை, பிளேஸ்டேஷன் 2 பின்னே வைப்பது. ஆடாசிட்டியில் மூலத் தரவை இறக்குமதி செய்யும் வசதியைத் திறந்து, பைட் வரிசையை மட்டும் மாற்றி மீண்டும் கேட்டால் பாடல் பளிச்சென்று வெளிப்பட்டுவிடும். ஆடியோ சிடித் தடங்களிலும் இது நேர்வதுண்டு: லினக்ஸில் பயன்படும் சிடிஆர்டிஏஓ மென்பொருள் ஆடியோத் தடங்களை வழக்கத்துக்கு மாறான பைட் வரிசையில் எழுதும், அதைக் கியூ வடிவுக்கு மாற்றும்போது பைட்டுகளை இடம் மாற்றும் தேர்வையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பைட் வரிசை சரியாக இருந்தும் அதே ஓசை வந்தால், தொடக்க இடம் ஒரு பைட் தள்ளிப் போயிருக்கலாம்; ஒற்றைப்படை எண்ணிலிருந்து இரட்டைப்படை எண்ணுக்கு நகர்த்திப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது வகை, கொதிக்கும் நீர்போல் ஒரே சீரான சீறல். பாடலின் நிழல் மிக மங்கலாகக் கேட்கும், அதுவும் இருக்க வேண்டிய நேரத்தைவிட மிகக் குறுகிய நேரத்தில் ஓடி முடிந்துவிடும். இது ஏடிபிசிஎம் முறையில் சுருக்கப்பட்ட ஒலியைச் சுருக்கப்படாததாகக் கருதி வாசிப்பதால் வருவது. பிளேஸ்டேஷன் குடும்பத்தின் ஏடிபிசிஎம் 16 பைட்டுகளில் 28 சாம்பிள்களை (ஒலியின் ஒரு கணத்து அளவெண்களை) அடக்குகிறது, அதாவது மூன்றரை மடங்கு சுருக்கம். கேம்கியூபின் டிஎஸ்பி வகை 8 பைட்டுகளில் 14 சாம்பிள்களை அடக்குகிறது. ஹெக்ஸ் எடிட்டரில் ஒரு வரிக்கு 16 பைட்டுகள் காட்டும்படி வைத்துக்கொண்டு கீழே உருட்டிப் பாருங்கள். பிளேஸ்டேஷன் வகையாக இருந்தால் இரண்டாவது நெடுவரிசை முழுவதும் 00, 02 போன்ற மிகச் சிறிய எண்களாகவே செங்குத்தாக இறங்கி வரும். இந்த ஒரு பார்வை தரும் உறுதியை எந்தத் தானியங்கிக் கண்டறிதலும் எனக்குத் தந்ததில்லை.

மூன்றாவது வகையில் பாடல் அடையாளம் தெரியும்படி ஒலிக்கும், சுருதியும் வேகமும் சரியாக இருக்கும், ஆனால் உடைந்த ஒலிபெருக்கியில் கேட்பதுபோல் கரகரக்கும். கேம்கியூப் மற்றும் வீ கோப்புகளில் இதைக் கேட்டால் குணக எண்களை (சுருக்கிய ஒலியை விரிக்கப் பயன்படும் எண்களை) சந்தேகிக்க வேண்டும். டிஎஸ்பி முறையில் ஒவ்வொரு பாடலுக்கும் தனித்தனியே கணக்கிடப்பட்ட 16 எண்கள் 96 பைட் தலைப்பகுதிக்குள் இருக்கும். அவை இல்லாமலோ, வேறொரு பாடலின் எண்களைக் கொண்டோ வாசித்தால் வடிவம் காக்கப்பட்டு மேனி சிதைந்துவிடும். ஸ்டீரியோப் பாடலில் இடப்பக்கத்துக்கு ஒரு தொகுதி, வலப்பக்கத்துக்கு ஒரு தொகுதி என இரண்டு உண்டு என்பதால், ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கரகரப்பாகவும் கேட்டால் ஒரே தொகுதியை இரண்டுக்கும் பயன்படுத்திவிட்டோம் என்று பொருள்.

நான்காவது வகை, எந்தத் தாளமும் எந்த நிழலும் இல்லாத தூய இரைச்சல். இது மறையாக்கம் செய்யப்பட்ட தரவாகவோ, ஒலிக்கே தொடர்பில்லாத சுருக்கப்பட்ட பெட்டகமாகவோ இருக்கும். சிஆர்ஐ நிறுவனத்தின் எச்சிஏ வடிவம் இதற்கு எளிய எடுத்துக்காட்டு: மறைக்கப்படாத கோப்பு ஹெக்ஸ் எடிட்டரில் 48 43 41 என்று தொடங்கும், அதே பைட்டுகள் மேல் பிட் ஏற்றப்பட்டு ‘சி8 சி3 சி1’ என்று தெரிந்தால் மறையாக்கம் நடந்திருக்க வாய்ப்பு மிகுதி. அதைத் திறக்க அந்த விளையாட்டுக்கே உரிய 64 பிட் திறவுகோல் வேண்டும். பரவலாக அறியப்பட்ட விளையாட்டுகள் பலவற்றின் திறவுகோல்களை விஜிஎம்ஸ்ட்ரீம் உள்ளேயே வைத்திருப்பதால், முதலில் அதன் புதிய பதிப்பைத் தருவித்துப் பார்ப்பதே எளிய வழி.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. கேம்பாய் அட்வான்ஸின் இசையில் கேட்கும் மெல்லிய சீறல் பிழையன்று. அந்த இயந்திரத்தின் சாம்பிள் சேனல்கள் 8 பிட் அகலமே உடையவை, பல விளையாட்டுகள் நொடிக்கு 13,379 சாம்பிள் என்ற வேகத்திலேயே கலவை செய்தன. அதை நீக்க வடிகட்டி போடுபவர் பாடலின் மேல் சுரங்களையும் சேர்த்தே நீக்குகிறார்.

குறி: பல பாடல்கள் துண்டுதுண்டாக மாறிமாறிக் கேட்கின்றன

முதல் பிளேஸ்டேஷனின் எக்ஸ்ஏ என்ற ஒலி வடிவக் கோப்பைத் திறந்ததும், கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு பாடல், அடுத்த இமைப்புக்கு வேறொரு பாடல், அதன்பின் யாரோ பேசும் குரல் என்று அவியலாக ஒலித்தால் அஞ்சத் தேவையில்லை. இரட்டை வேகத்தில் சுழலும் வட்டிலிருந்து 37,800 ஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலியை வாசிக்க எட்டு செக்டருக்கு ஒரு செக்டர் போதும். மீதமுள்ள ஏழு இடங்களை வீணாக்காமல் வேறு ஏழு பாடல்களை அங்கே இடையிடையே கோத்துவிடுவார்கள். ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 53 மில்லிநொடி நீளம் கொண்டது. செக்டரின் துணைத்தலைப்பில் எழுதப்பட்ட சேனல் எண்ணைக் கொண்டு அவற்றைப் பிரிக்கும் எந்தக் கருவியும் இதைச் சில நொடிகளில் தீர்த்துவிடும்.

அந்தத் துணைத்தலைப்பே இல்லாமல் போயிருந்தால் கதை வேறு. வட்டைக் கணினியில் போட்டு, எக்ஸ்ஏ கோப்பை மட்டும் இழுத்து வன்தட்டில் விடும் பழக்கம் பலருக்கு உண்டு; நானும் அப்படிச் செய்து, கருவியின்மேல் பழி போட்டு ஒரு மாலைப் பொழுதை இழந்திருக்கிறேன். வட்டின் ஒரு முழு செக்டர் 2,352 பைட்டுகள். அதில் எக்ஸ்ஏ ஒலிக்கு உரியவை 2,304. இயங்குதளம் இப்படிக் கோப்புகளை நகலெடுக்கும்போது செக்டருக்கு 2,048 பைட்டுகளை மட்டுமே எடுத்துக்கொள்வதுண்டு. அப்போது ஒவ்வொரு செக்டரிலும் 256 பைட் ஒலியும், எந்தச் சேனல் என்று சொல்லும் துணைத்தலைப்பும் அங்கேயே விடுபட்டுப் போகின்றன. கோப்பின் அளவு 2,048ஆல் மீதியின்றி வகுபட்டு, 2,352ஆலும் 2,336ஆலும் வகுபடாமல் இருந்தால் இந்த இழப்பு நடந்துவிட்டது என்று கொள்ளலாம். முழு வட்டையும் மூல செக்டர்களாக நகலெடுத்து, அந்த இமேஜிலிருந்து எக்ஸ்ஏவைப் பிரிப்பது ஒன்றே தீர்வு. தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது வகைக் கோளாறு என்பது இதுதான்: தொலைந்த தரவை எந்த அமைப்பை மாற்றியும் மீட்க முடியாது.

குறி: ஒவ்வொரு சொல்லும் இருமுறை திக்கி ஒலிக்கிறது

ஒலி திக்கித் திக்கி வருகிறது, பாடலின் நீளமும் இருமடங்காகத் தெரிகிறது என்றால், ஸ்டீரியோக் கோப்பு ஒற்றைச் சேனலாக வாசிக்கப்படுகிறது. பிளேஸ்டேஷன் 2 கோப்புகளில் இடச் சேனலின் ஒரு கட்டு, பிறகு வலச் சேனலின் ஒரு கட்டு என மாறிமாறி அடுக்கியிருப்பார்கள். அந்தக் கட்டின் அளவையே இன்டர்லீவ் என்கிறோம். கட்டு 2,048 பைட்டாகவும் சாம்பிள் ரேட் (நொடிக்கான சாம்பிள் எண்ணிக்கை) 48,000 ஆகவும் இருந்தால் ஒவ்வொரு கட்டும் சுமார் 75 மில்லிநொடி ஒலிக்கும், ஆகவே ஒரே சுரம் இடப்பக்கத்திலிருந்து ஒருமுறையும் வலப்பக்கத்திலிருந்து ஒருமுறையும் வந்து திக்குவாய்போல் கேட்கிறது.

சேனல் எண்ணிக்கையை இரண்டாக்கியும் திக்கல் போகாமல், இரு காதுகளிலும் தனித்தனியே திக்கல் கேட்டால் இன்டர்லீவ் அளவு தவறு. 16இல் தொடங்கி இருமடங்காக 32, 64 என்று 65,536 வரை ஏற்றிப் பார்க்கலாம். பெரும்பாலான கோப்புகள் இந்த வரிசைக்குள் அகப்பட்டுவிடும். இன்னும் விரைவான வழி கோப்பின் தொடக்கத்தைப் பார்ப்பது. பிளேஸ்டேஷன் ஏடிபிசிஎம் ஒவ்வொரு சேனலையும் பெரும்பாலும் 16 சுழிப் பைட்டுகளுடன் தொடங்கும். முதல் சுழி வரிக்கும் இரண்டாவது சுழி வரிக்கும் உள்ள தூரமே இன்டர்லீவ். கண்டறிந்த எண்களை விஜிஎம்ஸ்ட்ரீமின் டிஎக்ஸ்டிஎச் என்ற சிறு உரைக்கோப்பில் எழுதி அருகில் வைத்துவிட்டால், அதே கோப்புறையிலுள்ள நூறு கோப்புகளும் ஒரே அமைப்பில் திறக்கும்.

குறி: சுருதியோ வேகமோ மாறியிருக்கிறது

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சுருதியும் வேகமும் சேர்ந்து மாறியிருக்கின்றனவா, காலப்பிரமாணம் மட்டும் மாறியிருக்கிறதா?

இரண்டும் சேர்ந்து மாறியிருந்தால் சாம்பிள் ரேட் தவறு. எவ்வளவு மாறியது என்பதை வைத்து எந்த எண்ணை எந்த எண்ணாக வாசித்தோம் என்பதையும் கணக்கிடலாம். 48,000இல் பதிவான பாடலை 44,100இல் இயக்கினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். மூலப் பாடலுடன் ஒப்பிடாதவர் இதைக் கவனிக்காமலே விட்டுவிடுவதுண்டு. 32,000இல் பதிவானதை 44,100இல் இயக்கினால் ஐந்தரை அரைச்சுரம் ஏறி, பாடல் சிரிப்பூட்டும். சரியாக ஒரு ஸ்தாயி ஏறியோ இறங்கியோ இருந்தால் சாம்பிள் ரேட்டைப் பாதியாகவோ இருமடங்காகவோ எடுத்திருக்கலாம், அல்லது சுருக்கப்படாத ஸ்டீரியோ ஒலியை ஒற்றைச் சேனலாக எடுத்திருக்கலாம். பிளேஸ்டேஷனின் விஏஜி கோப்பாக இருந்தால் ஊகிக்கவே வேண்டாம். அதன் 48 பைட் தலைப்பகுதியில், தொடக்கத்திலிருந்து 16ஆவது பைட்டில் சாம்பிள் ரேட் எழுதப்பட்டிருக்கும்.

சுருதி சரியாக இருந்து காலப்பிரமாணம் மட்டும் இழுத்தால், கட்டளை வகை இசை ஐரோப்பியப் பதிப்பின் வேகத்தில் ஓடுகிறது. பழைய விளையாட்டுகள் பலவற்றில் திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது இசை நிரல் ஓர் அடி முன்னேறும். நொடிக்கு 60 முறை என்று எழுதப்பட்டது 50 முறை ஓடினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். இயக்கியின் அமைப்பில் என்டிஎஸ்சி (நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் அமெரிக்க, ஜப்பானியத் திரை முறை) என்று மாற்றினால் போதும். முதல் நின்டெண்டோ இயந்திரத்தில் ஐரோப்பியப் பதிப்பின் கடிகாரமே மெதுவானது என்பதால் அங்கே சுருதியும் ஓரளவு இறங்கக்கூடும். சூப்பர் நின்டெண்டோவின் ஒலிப்பகுதி தனிக் கடிகாரத்தில் இயங்குவதால் அங்கே இச்சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை.

குறி: ஒரு காதில் மட்டும் கேட்கிறது, அல்லது எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கிறது

ஒரு காதில் மட்டும் கேட்டால் பக்கத்தில் இன்னொரு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கேம்கியூப் விளையாட்டுகள் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனி டிஎஸ்பி கோப்புகளாக வைப்பதுண்டு. பெயரின் இறுதியிலுள்ள எல், ஆர் எழுத்துகளை மாற்றாமல் இரண்டையும் ஒரே கோப்புறையில் வைத்தால் விஜிஎம்ஸ்ட்ரீம் தானே இணைத்துக்கொள்ளும்.

எல்லாம் ஒரே நேரத்தில் உரத்துக் கேட்பது வேறு வகை. அமைதியாக நடக்கும்போது ஒரு வடிவம், சண்டை தொடங்கியதும் அதே தாளத்தில் முழங்கும் இன்னொரு வடிவம் என்று இசை அடுக்குகளாக எழுதப்பட்டிருந்தால், அவை நான்கு அல்லது ஆறு சேனல்களாக ஒரே கோப்பில் இருக்கும். விளையாட்டு அவற்றில் ஒன்றை ஏற்றி மற்றதைத் தணிக்கிறது. நம் இயக்கியோ எல்லாவற்றையும் கூட்டிவிடுகிறது. ஆறு சேனல் என்றால் இன்னொரு சங்கடமும் உண்டு: சாதாரண இயக்கிகள் அதைத் திரையரங்கு முறையில் அமைந்த ஒலி என்று எண்ணி, நான்காவது சேனலைத் தாழ்சுரத்துக்கு உரியதாகக் கொண்டு பெரும்பாலும் விட்டுவிடும். ஒரு வாத்தியம் காரணமின்றிக் காணாமல் போவது இப்படித்தான். விஜிஎம்ஸ்ட்ரீமின் கட்டளை வரியில் ‘-2’ என்ற தேர்வுக்குப் பின் 0 என்று கொடுத்தால் முதல் ஜோடிச் சேனல்களும், 1 என்று கொடுத்தால் இரண்டாவது ஜோடியும் தனியே கிடைக்கும்.

குறி: ஒன்றிரண்டு நொடியில் பாடல் நின்றுவிடுகிறது

கோப்பு கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு வர வேண்டாம். வைஸ் என்ற ஒலிக் கட்டமைப்பைப் பயன்படுத்தும் விளையாட்டுகளில், பெரிய பாடல்களின் தொடக்கத் துணுக்கு மட்டும் பிஎன்கே என்ற பேங்க் கோப்பில் (பல ஒலிகளை ஒன்றாக அடக்கிய கோப்பில்) வைக்கப்படும். வட்டிலிருந்து முழுப் பாடலும் வந்து சேரும் வரை அத்துணுக்கு ஒலித்துத் தாமதத்தை மறைக்கிறது. நீங்கள் எடுத்தது அந்த முன்துணுக்கு. அதே எண்ணைப் பெயராகக் கொண்ட வெம் கோப்பு வேறொரு கோப்புறையிலோ பெட்டகத்திலோ முழுமையாக இருக்கும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: 300 மெகாபைட் கோப்பு இருபது நொடிப் பாடலாக மட்டும் ஒலிக்கிறது. அது பல பாடல்கள் அடங்கிய பேங்க், நீங்கள் கேட்பது அதன் முதல் உட்பாடல். எஃப்மாடின் எஃப்எஸ்பி, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்டபிள்யூபி ஆகியவை இத்தகையவை. ஃபூபாரில் கோப்பைப் பட்டியலில் சேர்த்தால் உட்பாடல்கள் தனித்தனி வரிகளாக விரியும்.

குறி: கோப்பு திறக்கவே மறுக்கிறது

பிஎஸ்எஃப் வகைக் கோப்பு (ஜிஎஸ்எஃப், யுஎஸ்எஃப் போன்று இசை நிரலைக் கொண்ட கோப்பு) சில கிலோபைட் அளவே இருந்து திறக்க மறுத்தால், அது மினி வகை. எல்லாப் பாடல்களுக்கும் பொதுவான நிரலும் வாத்தியங்களும் ஒரு லிப் கோப்பில் இருக்கும். மினி கோப்பில் எந்தப் பாடல் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். லிப் கோப்பைப் பெயர் மாற்றாமல் அதே கோப்புறையில் வைக்க வேண்டும். லினக்ஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் தடையாகும்.

ஓஜிஜி என்று பெயரிடப்பட்ட கோப்பை வேறு செருகுநிரல் முந்திக்கொண்டு திறக்க முயன்று தோற்றால், பெயரின் நீட்சியை எல்ஓஜிஜி என்று மாற்றுங்கள். டபிள்யூஏவி என்றால் எல்டபிள்யூஏவி. விஜிஎம்ஸ்ட்ரீம் இந்தப் புனைபெயர்களைத் தனக்குரியவையாக ஏற்றுக்கொள்ளும். வைஸின் வோர்பிஸ் கோப்புகளில் குறிநீக்க அட்டவணை அகற்றப்பட்டிருப்பதால், நீட்சியை ஓஜிஜி என்று மாற்றிச் சாதாரண இயக்கியில் போடுவது ஒருபோதும் பலிக்காது.

குறி: பாடல் சரிதான், ஆனால் இயந்திரத்தில் கேட்டதுபோல் இல்லை

எஸ்பிசி கோப்பு பாடலின் நடுவிலிருந்து தொடங்கினால், அது எடுக்கப்பட்ட கணம் தாமதமானது. எஸ்பிசி என்பது சூப்பர் நின்டெண்டோ ஒலிப்பகுதியின் 64 கிலோபைட் நினைவகத்தையும் பதிவேடுகளையும் ஒரு கணத்தில் அப்படியே படம் பிடித்தது. பொதுவாக 66,048 பைட்டுகள் இருக்கும். முதல் சுரம் எழுவதற்குச் சற்று முன்பே அதைப் பிடிக்க வேண்டும். எதிரொலி தொடக்கத்தில் வெடிப்பதுபோல் கேட்டாலும், முந்தைய பாடலின் எதிரொலி நினைவகத்தில் எஞ்சியிருக்கும் நிலையில் பிடித்துவிட்டோம் என்பதே காரணம்.

ஒலி இயந்திரத்தில் இருந்ததைவிடக் கூர்மையாகவும் பளபளப்பாகவும் இருந்தால், இயக்கியின் இடைமதிப்பீட்டு முறையை (சாம்பிள்களுக்கு இடைப்பட்ட மதிப்புகளைக் கணக்கிடும் முறையை) பாருங்கள். சூப்பர் நின்டெண்டோவும் முதல் பிளேஸ்டேஷனும் காசியன் முறையைப் பயன்படுத்தி மேல் சுரங்களைச் சற்று மழுக்குகின்றன. கியூபிக் அல்லது சிங்க் என்று தேர்ந்திருந்தால் அந்த மழுக்கம் போய்விடும். சிலருக்கு அதுவே பிடிக்கும்; ஆனால் அன்றைய இசையமைப்பாளர் மழுங்கிய ஒலியைக் கேட்டுக்கொண்டுதான் வாத்தியங்களைத் தேர்ந்தார் என்பதால், நான் காசியனையே வைத்துக்கொள்கிறேன்.

குறி: லூப் சேரும் இடத்தில் ‘டிக்’ என்ற ஓசை, அல்லது நூலிழை இடைவெளி

விளையாட்டு இசைக்கு முடிவு கிடையாது; குறிப்பிட்ட சாம்பிளை அடைந்ததும் முன்னுள்ள ஒரு சாம்பிளுக்குத் தாவும். விஜிஎம்ஸ்ட்ரீம் தானாக இருமுறை சுற்றி, பத்து நொடியில் ஒலியைத் தணித்து முடித்துவைக்கும். லூப்பின் தொடக்க எண்ணும் இறுதி எண்ணும் வேண்டுமென்றால், கோப்பின் விவரங்களை மட்டும் காட்டும் தேர்வைப் பயன்படுத்திக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘டிக்’ ஓசை பெரும்பாலும் ஏடிபிசிஎம் கோப்பையே நேரடியாக வெட்டி ஒட்டியதால் வருகிறது. ஒவ்வொரு சாம்பிளும் தனக்கு முந்தைய இரண்டு சாம்பிள்களை வைத்தே கணக்கிடப்படுவதால், வெட்டிய இடத்தில் அந்த நினைவு தவறாகிவிடும். டிஎஸ்பி தலைப்பகுதியில் லூப் தொடங்கும் இடத்துக்குரிய முந்தைய மதிப்புகளைத் தனியே எழுதி வைத்திருப்பது இதற்காகத்தான். முதலில் முழுவதையும் சுருக்கப்படாத ஒலியாக மாற்றி, அதன்பின் சாம்பிள் எண்ணை வைத்து வெட்டினால் ஓசை எழாது. நிமிடம், நொடி என்ற கணக்கை வைத்து வெட்டக் கூடாது. அரை மில்லிநொடி பிசகினாலும் காது கண்டுபிடித்துவிடும்.

நூலிழை இடைவெளி என்றால் எம்பி3 வடிவமே காரணம். அது ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட கட்டுகளாக நறுக்குவதால், கடைசிக் கட்டு மௌனத்தால் நிரப்பப்படுகிறது. குறியாக்கும்போது தொடக்கத்திலும் சிறு தாமதம் சேர்கிறது. ஃபிளாக் அல்லது ஓக் வோர்பிஸ் வடிவில் சேமித்தால் சாம்பிள் எண்ணிக்கை மாறாமல் இருக்கும், லூப்பின் தொடக்கத்தையும் நீளத்தையும் அவற்றின் குறிச்சீட்டுகளிலேயே எழுதி வைக்கவும் முடியும். ஏற்கெனவே எம்பி3 ஆக்கிவிட்ட தொகுப்பைச் சீர்செய்ய முயல்வதைவிட, மூலக் கோப்பிலிருந்து மீண்டும் மாற்றிக்கொள்வது விரைவில் முடியும்.